சந்தனமாரி வீடு வீங்கிய பத்து நாள்

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குச் சந்தனமாரியின் உள்ளங்காலில் ஒடிந்த தையல் ஊசி ஒன்று ஏறியது, அவள் கையிலிருந்த எவர்சில்வர் தட்டு நழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்து மூன்று சுற்றுச் சுற்றியது, அது சுற்றி அடங்குவதற்குள் நாங்கள் முப்பத்தேழு பேர் அவள் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தோம்.

இதில் எங்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறுங்கால்புதூரில் எங்கள் தெருவுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. பாம்போ, தீயோ, திருடனோ, மயக்கமோ, எந்த வீட்டில் எது நடந்தாலும் அந்த வீட்டுக்காரர் ஒரு தட்டை எடுத்துத் தட்டினால் போதும், சத்தம் கேட்டவர் எல்லோரும் கையில் எது இருக்கிறதோ அதோடு ஓடி வந்துவிட வேண்டும். என்ன ஏது என்று விசாரித்துக்கொண்டு நிற்பவனை எங்கள் தெருவில் யாரும் மனுஷனாக மதிப்பதில்லை. முதலில் வா, வந்து எதையாவது செய், கேள்வியெல்லாம் அப்புறம், இதுதான் சட்டம். ஓடி வருவதற்குத் தோதாக எங்கள் வீட்டுப் பின்சுவர்களிலெல்லாம் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் கட்டுவோம். வேற்றூரிலிருந்து மருமகள் வந்தால் முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுப்போம், தட்டைக் கீழே போடாமல் சாப்பிடவும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம்.

சந்தனமாரிக்கு நாற்பது வயசு. கல்யாணமான நாலாம் வருஷம் புருஷன்காரன் வேறொருத்தியோடு போய்விட்டான், போனவனைப் பற்றி அவள் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசி நாங்கள் கேட்டதில்லை. வாடகை வீட்டில், மழைக்கு ஒழுகாத ஒரே மூலையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, ஊரிலுள்ள அத்தனை பெண்களுக்கும் பன்னிரண்டு வருஷம் ஜாக்கெட் தைத்து, அதிலேயே ஒரு வீட்டைக் கட்டி எழுப்பிவிட்டாள். இரண்டு அறை, ஓர் அடுக்களை, வெளிச்சுவருக்கு வான நீலம். காலையில் வாசல் தெளிக்க வரும்போது யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்தச் சுவரை ஒரு தரம் தடவிவிட்டுத்தான் வாளியைத் தூக்குவாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருப்போம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதலில் உள்ளே பாய்ந்தவன் எதிர்த்தாற்போல் பஞ்சர் கடை வைத்திருக்கும் இசக்கியப்பன். எந்த வீட்டில் தட்டுச் சத்தம் கேட்டாலும் முதல் ஆள் அவன்தான், கையில் கடப்பாரை இல்லாமல் வரமாட்டான். வந்த வேகத்தில் தரையில் ஐந்து இடத்தில் குத்தினான். பின்னாலேயே வந்தவர்களில் ஒருத்தர் பினாயில் ஊற்றினார், ஒருத்தர் அரிசிப் பானையைக் கவிழ்த்தார், ஒருத்தர் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்திவிட்டு அடியில் ஒன்றும் இல்லை என்று கண்ட பிறகும் நாலு மிதி மிதித்தார். நான் மண்வெட்டியோடு போயிருந்தேன், மண்வெட்டியோடு போய்விட்டுச் சும்மா நிற்க முடியாது என்பதால் அடுக்களை மூலையைக் கொஞ்சம் கொத்தினேன். சந்தனமாரி ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "ஊசிதான் அண்ணே, வெறும் ஊசிதான், நானே எடுத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அது யார் காதிலும் விழவில்லை. எங்களுக்கு வேலை இருந்தது.

கால் மணி நேரத்தில் எங்களுக்கே திருப்தியாகிவிட்டது. அவள் எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள், குடித்துவிட்டுக் கிளம்பினோம். வந்தவர்களைப் போகச் சொல்வது எங்கள் தெருவில் கேட்டறியாத விஷயம்.

நாங்கள் கிளம்பிய அரை மணி நேரத்தில் தரை வீங்க ஆரம்பித்தது. முதலில் கடப்பாரை விழுந்த இடங்களில் சிமெண்ட் இளஞ்சிவப்பானது, பிறகு மாதுளை நிறமானது, பிறகு சூடேறியது, அதன்பின் குழியில் ஊற்றிய பணியாரம் மாதிரி மெதுவாக மேலே எழும்பியது. சந்தனமாரி குனிந்து கையை வைத்துப் பார்த்தாள். தரை 'ஸ்ஸ்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சிழுத்தது. தையற்காரிக்குக் குத்துப்பட்டவர்களின் சத்தம் நன்றாகத் தெரியும் ஆகையால், அவள் சட்டென்று கையை எடுத்து, "தெரியாம தொட்டுட்டேன்" என்று தரையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

தரை எழும்பினால் அதன் மேலிருக்கும் அலமாரி சும்மா நிற்குமா? சாய்ந்தது. மேல்தட்டில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகளில் ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து கீழே விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டு நாங்கள் வந்தோம். இந்தத் தடவை நாற்பத்தொரு பேர். வந்து, வீங்கிய இடத்தைப் பார்த்து, இதற்குள்தான் ஏதோ இருக்கிறது என்று முடிவு செய்து, அங்கேயே குத்தினோம். நாங்கள் போனதும் அது இன்னும் எழும்பியது, இன்னொரு தட்டு விழுந்தது, நாங்கள் மறுபடி வந்தோம். அன்று பொழுது சாய்வதற்குள் நாலு தடவை வந்துவிட்டோம், நாலு தடவையும் அவள் காப்பி போட்டாள்.

புதன்கிழமை முதல் அந்த வீங்கிய வீடு தெருவில் சாதாரண விஷயமாகிவிட்டது. மேற்குச் சுவர் நல்ல சூடாக இருந்ததால் பெண்கள் அதில் சேலையை விரித்துக் கூழ்வற்றல் பிழிந்தார்கள், ஒரே முற்பகலில் மொறுமொறுவென்று காய்ந்தது. பின்வாசல் பக்கம் மாவுச் சட்டியை வைத்தால் மூன்று மணி நேரத்தில் புளித்துப் பொங்கியது. அடுத்த தெருக்காரர்கள் முட்டிவலிக்கு ஒத்தடம் கொடுக்க அவள் தூணைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், வலி போகவில்லை, ஆனால் துணைக்கு ஒரு வீடும் வலியில் முனகிக்கொண்டிருந்ததால் ஆறுதலாக இருந்தது என்றார்கள். வான நீலம் போய் வீடு முழுக்கச் செம்பருத்திச் சிவப்பாகிவிட்டது. புதிதாகப் பெயிண்ட் அடித்தாளா என்று வெளியூர் பஸ்ஸில் போகிறவர்கள் கேட்டார்கள், ஆமாம் என்று சொல்லி அனுப்பினோம்.

சந்தனமாரி பாடுதான் திண்டாட்டம். தையல் மிஷின் சரிவில் தானாக உருண்டு கிழக்குச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது, அதை ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டினாள். படுத்தால் உருண்டுவிடுகிறாள் என்று தன்னையும் ஒரு பழைய சேலையால் கட்டிலோடு கட்டிக்கொண்டாள். சாய்ந்த தரையில் தைத்த ஜாக்கெட்டெல்லாம் வலது கை ஒரு அங்குலம் ஏற்றமாக வந்தது. நாங்கள் நல்ல மனசுக்காரர்கள் இல்லையா, எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு போனார்கள், இரண்டே நாளில் பக்கத்து ஊர்ப் பெண்கள் அதேபோல ஏற்ற இறக்கம் வைத்துத் தைக்கச் சொல்லித் துணி கொண்டுவந்தார்கள்.

ஆனால் வாசல் நிலைக்கு மேலே ஒரு விரிசல் விழுந்திருந்தது. அதை அவள் தினமும் காலையில் ஸ்டூல் போட்டு ஏறித் தன் அளவு டேப்பால் அளந்தாள். வியாழக்கிழமை அரை அங்குலம். வெள்ளிக்கிழமை முக்கால். அளந்து முடித்துவிட்டு ஸ்டூலிலேயே கொஞ்ச நேரம் நிற்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

தட்டுதான் குற்றவாளி என்பதை அவள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். வீட்டிலிருந்த எல்லாத் தட்டுகளையும் ஒரு சாக்கில் கட்டி எஸ்தரிடம் கொடுத்துவிட்டாள். எஸ்தர் என்பவள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள், முப்பது வயசு, ஊரிலுள்ள அத்தனை பேருடைய சர்க்கரையும் அவளுக்குத் தெரியும், அதனால் அவளிடம் எல்லோருக்கும் உள்ளூர ஒரு பயம். தட்டுகள் போன பிறகு ஒன்றரை நாள் அந்த வீட்டில் சத்தமே இல்லை, வீக்கம் கொஞ்சம் வாடியதுபோலக்கூட இருந்தது. எங்களுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு பொம்பளை தனியாக இருக்கிற வீட்டில், அவசரம் ஆபத்துக்குத் தட்ட ஒரு தட்டுக்கூட இல்லையென்றால் தெரு எதற்கு இருக்கிறது? வசூல் போட்டு ஆறு புதுத் தட்டு வாங்கி, குங்குமம் வைத்து, நாங்களே உள்ளே போய் அலமாரியின் மேல்தட்டில் வரிசையாக அடுக்கிவிட்டு வந்தோம்.

அடுக்கிவிட்டு நாங்கள் படியிறங்குவதற்குள் முதல் தட்டு விழுந்தது. திரும்பி ஓடினோம்.

சனிக்கிழமை, கூட்டம் வாசலில் நெருக்கியடிக்கிறது, அவசரத்துக்கு உள்ளே போக முடியவில்லை என்று அவளுடைய சுற்றுச்சுவரை மூன்று இடத்தில் இடித்து வழி பண்ணினோம். ஞாயிற்றுக்கிழமை, வீக்கத்துக்குக் கைகண்ட வைத்தியம் பற்றுத்தான் என்று மஞ்சளும் சுண்ணாம்பும் அண்டா அண்டாவாகக் குழைத்து, பதினோரு பெண்கள் விளக்குமாற்றால் வீடு முழுக்கப் பற்றுப் போட்டார்கள், அவர்களை மேற்பார்வை பார்க்க ஆண்கள் அத்தனை பேரும் உள்ளே போனோம். திங்கட்கிழமை காலையில் வீடு தெருவைப் பார்த்து ஒரு முழம் சாய்ந்து நின்றது.

அன்றுதான் பேரூராட்சி ஓவர்சியர் தனபால் வந்தார். வீட்டைச் சுற்றி ஒரு தரம் நடந்தார், சுவரில் கையை வைத்துச் சூடு தாங்காமல் உதறினார், சுண்ணாம்பை வாங்கி வாசல் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"கரண்டு கம்பத்துல விழுந்தா தெருவே போயிரும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இடிச்சிருவோம். சாமானையெல்லாம் எடுத்துக்கிடுங்கம்மா."

"எங்க எடுத்துட்டுப் போக?" என்றாள் சந்தனமாரி.

ஓவர்சியர் பெருக்கல் குறியை இன்னொரு தரம் அழுத்திப் போட்டுவிட்டுப் போனார்.

அவர் போன கையோடு வாசற்படியின் விரிசலிலிருந்து மஞ்சளும் வெள்ளையுமாகக் கெட்டியாக ஒன்று வடிய ஆரம்பித்தது. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி நின்றோம். எஸ்தருக்கு ஆள் அனுப்பினோம். அவள் வந்து ஒரு குச்சியால் தொட்டுக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துக்கொண்டு போனாள், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள், வந்தவள் ஒரு வாளித் தண்ணீரை வாங்கி அந்த வடிசல் மேல் ஊற்றினாள். வழவழப்புக் கரைந்தது. அடியில் கிடந்தவை: இசக்கியப்பனின் இடது செருப்பு, பத்து நாற்பது சட்டைப் பொத்தான், கொண்டை ஊசிகள், பினாயில் பாட்டிலின் மூடி, பாதி குடித்த பீடி, காது உடைந்த ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு செட்டுப் பல். பல்லுக்குரியவர் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் வந்து அதை எடுத்துக்கொண்டார்.

"இதுல கிருமி ஒண்ணுகூட கிடையாது," என்றாள் எஸ்தர். "ஊசியும் இல்ல, பாம்பும் இல்ல. பூராம் நீங்கதான்."

"நாங்கன்னா?" என்றான் இசக்கியப்பன்.

"உடம்புல முள்ளு குத்துதுன்னு வைங்க. குத்தின இடத்துல காவலுக்கு நிக்கிற அணு ஒண்ணு சத்தம் போடும். உடனே ரத்தத்துல இருந்து வெள்ளை அணு கூட்டமா ஓடி வரும். வந்தது யாரு, என்ன ஊரு, என்ன பேருன்னு ஒண்ணும் கேக்காது. பாத்த உடனே அடி. அது ஓடி வாரதுக்குத் தோதா ரத்தக்குழாயே சந்து விட்டுக் கொடுக்கும். அந்தச் சந்து வழியா தண்ணி கசியும், அதான் வீக்கம். ரத்தம் நிறைய பாயும், அதான் சிவப்பு, அதான் சூடு."

"அப்போ தெருவுக்கு வெள்ளை அணு நாங்கதான்னு சொல்லுத?"

"ஆமா."

எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். இசக்கியப்பன் அன்று மத்தியானமே தன் கடைப் பலகையில் 'வெள்ளை அணு பஞ்சர் ஒர்க்ஸ்' என்று எழுத ஆள் பார்த்துவிட்டான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"முழுசாக் கேளுங்கவே!" என்று எஸ்தர் கத்தினாள். "அதுக வாரது தப்பில்ல. வராட்டி ஒரு சின்னக் கீறல்ல மனுசன் செத்துருவான். ஆனா அதுகளுக்குக் கண்ணுமண்ணு தெரியாது. எதிரிய அடிக்கிற மருந்தை நம்ம சதை மேலயும் ஊத்தும். அடிபட்ட சதை ஐயோன்னு கத்தும், அந்தச் சத்தத்துக்கு இன்னும் நூறு வரும். முள்ளை எடுத்த பொறவும் வந்துக்கிட்டே இருக்கும். சீழுன்னு வடியுதுல்லா, அது வந்து செத்த அணுக்கதான். அப்படியே விட்டா மூட்டு போகும், குடல் போகும். வெளியில இருந்து ஒரு எதிரியும் வேண்டாம்."

"பொறவு வீக்கம் எப்படித்தான் வடியும்?" என்று கேட்டது சந்தனமாரி. அவள் குரலை அன்றுதான் பலர் ஒழுங்காகக் கேட்டோம்.

"தானா வடியாதுக்கா. போதும், போங்கன்னு உடம்பு சொல்லணும். முதல்ல சத்தம் போட்டுச்சுல்லா, அந்தக் காவக்கார அணுவே அப்புறம் குணம் மாறி, கிடக்கிற குப்பையெல்லாம் தின்னு தீத்து, இடத்தைச் சுத்தம் பண்ணும். அப்பதான் ஆறும்."

"யாரு போகச் சொல்லணும்?"

எஸ்தர் அவளையே பார்த்தாள். சந்தனமாரி நாங்கள் காப்பி குடித்து வைத்த நாற்பத்தொரு டம்ளரையும் பார்த்தாள், எங்களையும் பார்த்தாள், அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் மானஸ்தர்கள். எங்களால்தான் கேடு என்று தெரிந்த பிறகு சும்மா இருப்போமா? மறுநாள் காலை தெரு கூடி, இனி அந்த வீட்டில் எத்தனை தட்டு விழுந்தாலும் ஒருவரும் போவதில்லை என்று முடிவெடுத்தோம். பதினொரு மணிக்குத் தட்டு விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அரை மணி நேரம் என் ஆயுசில் மறக்காது. உள்ளங்காலெல்லாம் அரித்தது. ஒருத்தர் தன் வீட்டு நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இசக்கியப்பன் டயர் ட்யூபால் தன்னைக் காற்றடிக்கிற மிஷினோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, "விடுங்கவே என்னைய, விடுங்கவே" என்று யாரும் பிடிக்காமலேயே கத்திக்கொண்டிருந்தான். முதலில் வீட்டை விட்டு இறங்கியது யார் என்பதில் இன்றைக்கும் சண்டை உண்டு. இறங்கியவர் உதவிக்குப் போகவில்லை, வேறு யாரும் போய்விடாமல் தடுக்கத்தான் போனார். அவர் போவதைப் பார்த்து அவரைத் தடுக்க நாலு பேர் போனார்கள். அந்த நாலு பேருக்குப் புத்தி சொல்ல நாங்கள் எல்லோரும் போனோம். அவளுடைய நடுவீட்டில் நின்றுகொண்டு, ஒருத்தரையொருத்தர் சட்டையைப் பிடித்து, ஏன் வந்தாய் ஏன் வந்தாய் என்று கேட்டுக் கூச்சலிட்டோம், பக்கத்துத் தெருக்காரர்கள் சமாதானம் செய்ய வந்தார்கள்.

புதன்கிழமை காலை வாசற்கதவும் பின்கதவும் திறக்கவில்லை. சந்தனமாரி மிஷின் கட்டாத ஜன்னலின் கம்பியைக் கழற்றிவிட்டு அதன் வழியாகப் போய் வந்தாள். விரிசல் இரண்டேகால் அங்குலம். அதற்குப் பிறகு அவள் அளக்கவில்லை, டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பத்தாம் நாள், வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத் தட்டுச் சத்தம் கேட்டது. இது விழுந்த சத்தமில்லை என்று எல்லோருக்கும் உடனே தெரிந்தது. விழுகிற தட்டு ஒரு தரம் அலறிவிட்டுச் சுற்றும். இது ஓங்கி, நிறுத்தி, மறுபடி ஓங்கி, பதினோரு தரம். ஓடினோம். கம்பி கழற்றிய ஜன்னல் வழியாக நாங்கள் உள்ளே இறங்கியபோது சந்தனமாரி எதிர் ஜன்னல் கட்டையில் ஏறி நின்றாள், ஒரு கையில் நாங்கள் வாங்கிக் கொடுத்த தட்டு, மறு கையில் கத்தரிக்கோல்.

"பத்து நாளா தட்டு தானா விழுந்துச்சி. இன்னைக்குத்தான் நான் அடிச்சிருக்கேன்," என்றாள். "எல்லாரும் நல்ல மனசோடதான் வந்திய. அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. அதனாலதான் வாயத் திறக்க முடியல. வந்தவங்களை எப்படிப் போகச் சொல்லன்னு காப்பியாப் போட்டுக் குடுத்தேன். ஆனா நாளைக்கு இந்த வீட்டை இடிச்சிருவாங்க. எனக்கு இதை விட்டா ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல."

தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மறுபடி பேசினாள்.

"அதனால வெக்கத்தை விட்டுக் கேக்கேன். அவங்கவங்க தோண்டுனதை அவங்கவங்க மூடுங்க. அவங்கவங்க போட்டதை அவங்கவங்க எடுத்துக்கிடுங்க. கூட்டிப் பெருக்கிட்டு ஒவ்வொருத்தரா வெளிய போங்க. போனவங்க, நானா வந்து கூப்பிடாம இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. என்ன சத்தம் கேட்டாலும் சரி. நான் செத்தாலும் சரி."

"செத்தாலுமா?" என்றான் இசக்கியப்பன், நம்பமாட்டாமல்.

"செத்தா எஸ்தரு பாத்துக்கிடுவா."

கூட்டத்தில் யாரோ 'நன்றி கெட்டவ' என்று முணுமுணுத்தார்கள். யாரென்று சொல்லமாட்டேன், அவள்தான் இன்றைக்கும் எனக்குச் சமைத்துப் போடுகிறாள். எங்கள் எல்லோருக்குமே சுருக்கென்று தைத்தது. எங்கள் தெருவில் யாரையும் யாரும் போகச் சொன்னதில்லை. ஆனால் அவள் ஜன்னலை விட்டு இறங்கவும் இல்லை, தட்டைக் கீழே வைக்கவும் இல்லை, காப்பிக்கு அடுப்பும் பற்றவைக்கவில்லை.

முதலில் அசைந்தது இசக்கியப்பன்தான். எங்கிருந்துதான் எடுத்தானோ, ஒரு விளக்குமாற்றோடு முன்னால் வந்தான். அவன் கையில் விளக்குமாற்றைப் பார்ப்பது எங்களுக்கு வீடு வீங்கியதைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது. குனிந்து கூட்ட ஆரம்பித்தான். அப்புறம் எல்லோரும் குனிந்தோம். பற்றைச் சுரண்டினோம், அரிசியைப் பொறுக்கினோம், பினாயிலைக் கழுவிவிட்டோம், இடித்த சுற்றுச்சுவரை எடுத்துக் கட்டினோம், நான் கொத்திய மூலையை நானே பூசினேன். முடித்தவர்கள் அவளிடம் ஒரு தலையசைப்போடு ஒவ்வொருத்தராக வெளியேறினோம். ஒவ்வொருத்தர் வெளியே இறங்கும்போதும் தரை ஒரு நூல் தாழ்ந்தது. பத்துப் பேர் போனபோது சூடு குறைந்தது. இருபது பேர் போனபோது மிஷின் கட்டிய கயிறு தொய்ந்தது. முப்பது பேர் போனபோது மேற்குச் சுவரில் ஒரு கை அகலத்துக்கு நீலம் தெரிந்தது, அதைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசி ஆள் இசக்கியப்பன். அவன் குத்திய குழிகள்தான் அதிகம், அதனால் அவனுக்குத்தான் வேலையும் அதிகம். ஒவ்வொரு குழியாகச் சிமெண்ட் போட்டு, உள்ளங்கையாலேயே தடவி மட்டம் பண்ணினான்.

"யம்மா, நான் உடைச்சதெல்லாம் சரியாப் போயிருமா?"

"தழும்பு இருக்கும் அண்ணே. இருந்துட்டுப் போகட்டும்."

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டித் தன் கடைக்குப் போனான். கடப்பாரையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனதாக எனக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஓவர்சியர் ஜேசிபியோடு வந்தார். தெருவில் ஆளே இல்லை. நாங்கள் அவரவர் வாசலில் நின்றுகொண்டு ஒரு அடிகூட வெளியே வைக்காமல் பார்த்தோம். நீல நிறத்தில், நேராக, கொஞ்சம் களைப்பாக நின்றது வீடு. வாசற்கதவு திறந்து சந்தனமாரி வெளியே வந்தாள். ஓவர்சியர் உள்ளே போய் ரசமட்டத்தைத் தரையில் வைத்தார், குமிழ் கொஞ்சம் அங்கே இங்கே யோசித்துவிட்டு நடுவில் வந்து நின்றது. நிலையில் விரிசல் இருந்த இடத்தில் கோணலாகத் தைத்ததுபோல ஒரு கோடு மட்டும் தெரிந்தது. இடிக்கத் தேவையில்லை என்று எழுதிச் சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் கூப்பிட்டார், "யாராவது வாங்கய்யா" என்றார், இரண்டு தரம் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. எங்கள் தெருவைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் அவர், இங்கே கூப்பிட்டு ஆள் வராமல் போனதை அவர் கண்டதே இல்லை. முகம் வெளிறிப்போய், ஜேசிபியைப் பின்னாலேயே திருப்பச் சொல்லி, அது திரும்புவதற்குள் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார்.

சந்தனமாரி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கதவு சத்தமில்லாமல் நிலையோடு பொருந்தியது. அப்புறம் அவள் அழுகிற சத்தம் வந்தது.

சும்மா விசும்பல் இல்லை அது. புருஷன் போனபோது அழாதது, ஒழுகுகிற வீட்டில் இருந்தபோது அழாதது, ஸ்டூலில் நின்று அளந்தபோது அழாதது, எல்லாவற்றையும் சேர்த்துவைத்து வாய்விட்டு அழுதாள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்டது. நாங்கள் வாசல்களில் நின்றோம். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள், என்னைத் தடுப்பதற்கா தன்னைத் தடுப்பதற்கா என்று தெரியவில்லை. பல்லுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒரு அடி வைத்தால் அடுத்த வாசல்காரர் வைப்பார், அப்புறம் தெருவே வைக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால் யாரும் அந்த முதல் அடியை வைக்கவில்லை. அவள் தன் வீட்டுக்குள், தன் தரையில் உட்கார்ந்து, ஆசை தீர அழுது முடிக்கட்டும் என்று விட்டோம். பாம்பு அடித்திருக்கிறோம், தீ அணைத்திருக்கிறோம், கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கியிருக்கிறோம், இவ்வளவு கஷ்டமான வேலையை நாங்கள் செய்ததே இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்து அழுகை நின்றது. மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது, குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் மூச்சை விட்டோம்.

அப்போதுதான் எதிர்ப்பக்கம் பஞ்சர் கடையிலிருந்து இன்னொரு அழுகை கிளம்பியது. இசக்கியப்பன் டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, இத்தனை நேரம் அடக்கி வைத்ததெல்லாம் பீறிட, எண்ணெய்க் கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவனிடம் போகக் கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆகவே எல்லோரும் ஓடினோம்.